மாதிரி எடுத்தவர்: சு. முப்பிடாதி

பிப்ரவரி 4, சனி

குப்பி கறுத்துவிட்டது.

நேற்று மாலை எங்கள் தெருக் குழாயில் பிடித்து ஊற்றிய தண்ணீர். காலையில் தேன் நிறத்தில் இருந்தது. மதியம் பழுப்பு. இப்போது அடுப்புக்கரியைக் கரைத்ததுபோல் இருக்கிறது.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு இந்த வருடம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி வந்தது. அதில் விரல் நீளத்தில் சின்னக் குப்பிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்தில் ஊறி உலர்ந்த ஒரு காகிதத் துண்டு. மலத்திலிருந்து வரும் கிருமிகள் தண்ணீரில் இருந்தால் ஒரு நாளில் அது கறுத்துப்போகும். பெட்டியோடு வந்த கையேட்டை இரண்டு முறை படித்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்த அச்சக முகவரியையும் படித்தேன். வடை சுற்றி வந்த காகிதத்தைக்கூட நான் விடமாட்டேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள்.

அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமல் எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி இது, இலை ஊற வச்ச தண்ணி மாதிரி இருக்கு?"

"நாம குடிக்கதுதாம்மா."

அவள் சுற்றிக்கொண்டிருந்த பீடிக்கு நூலைக் கட்டி முடித்தாள். பிறகு எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு, பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினாள். போன ஒரு மாதத்தில் எங்கள் தெருவில் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு பேருக்கு டைபாய்டு. உடம்புச் சூடு என்று சொல்லிச் சொல்லி எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிப்ரவரி 5, ஞாயிறு

இன்னும் இரண்டு குப்பிகள். ஒன்று மேல்நிலைத் தொட்டியின் அடியில் உள்ள குழாயில். இன்னொன்று நடுத்தெருவில். பாக்கியமும் கூட வந்தாள். பாக்கியம் என்றால் அன்னபாக்கியம். எதிர்வீடு, என் வகுப்பு, என் பெஞ்சு.

"ஏட்டி முப்பிடாதி, இந்தக் கிருமியெல்லாம் புடிச்சு என்ன பண்ணப் போற? ரேசன் கார்டுல பேரு சேக்கப் போறியா?"

"சிரிக்காத. குப்பிய ஆட்டாமப் புடி."

"ஆட்டுனா வாந்தி எடுத்துருமோ அது?"

குழாய் போகும் வழியிலேயே நடந்தோம். தொட்டியிலிருந்து நடுத்தெரு வரை ரோட்டுக்கு அடியில் போகிறது. எங்கள் தெற்குத் தெரு திரும்பும் இடத்தில் மட்டும் சாக்கடைக்குள் இறங்கி, இருபது அடி தூரம் அதற்குள்ளேயே கிடந்து, பிறகுதான் மேலே ஏறுகிறது. நடுவில் ஓர் இடத்தில் குழாய்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. பாக்கியம் குச்சியால் டியூபைத் தள்ளினாள். உள்ளே விரிசல்.

எங்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் விடுகிறார்கள். விடாத நாட்களில் குழாய் காலி. காலிக் குழாய் சாக்கடையை உறிஞ்சாமல் வேறு எதை உறிஞ்சும்?

தொட்டி ஆபரேட்டர் சங்கரபாண்டி மாமா சைக்கிளில் வந்தார். கேட்டேன்.

"டியூபு கட்டுனது நாந்தான் தாயி. நாலு வருசமா எழுதிக் குடுக்கேன். புதுப் பைப்பு வரும் வரும்ங்காவ. அது வராம நான் என்ன செய்ய? என் வேட்டியக் கிழிச்சா கட்ட முடியும்?"

பாக்கியம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருடம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்ததிலிருந்து.

பிப்ரவரி 7, செவ்வாய்

தொட்டிக் குப்பி கறுக்கவில்லை. நடுத்தெருக் குப்பி கறுக்கவில்லை. எங்கள் தெரு மட்டும்.

ஜெபகனி டீச்சர் மூன்று குப்பிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "வா" என்று என்னையும் ஊராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். செயலர் பரமகுரு சார் கறுத்த குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர், இது பள்ளிக்கூடத்து வெளையாட்டுச் சாமான். இத வச்சு நான் ஒரு காயிதம் போட முடியுமா? மாவட்ட லேபு சொல்லணும். அவங்க 'தண்ணி சரியில்ல'ன்னா நாளைக்கே பைப்ப மாத்துதேன்."

"அதுவரைக்கும் பிள்ளையள் என்னத்தக் குடிக்கும் சார்?"

"லாரித் தண்ணி விடச் சொல்லுதேன். லேபு ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும்."

வெளியே வந்ததும் டீச்சர் என் தோளில் தட்டினார். குப்பியைத் திருப்பித் தரும்போது செயலர் கைக்குட்டையால் விரலைத் துடைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுச் சாமானைத் தொட்டவர் ஏன் விரலைத் துடைக்க வேண்டும்?

பிப்ரவரி 9, வியாழன்

லாரி வந்தது. மேலத் தெருக்காரர்களும் குடத்தோடு வந்தார்கள். "உங்க தண்ணிதான் நல்லாருக்கே, இங்க எதுக்கு வாறிய?" என்று சொர்ணம் அத்தை, பாக்கியத்தின் அம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அத்தை நின்றால் லாரிக்காரரே ஹாரன் அடிக்க மாட்டார்.

பிப்ரவரி 14, செவ்வாய்

மாவட்ட ஆய்வகத்துக்கு இன்று மாதிரி எடுத்தேன். நானே.

டீச்சர்தான் எடுப்பதாக இருந்தது. காலையில் அவரைத் திடீரென்று செய்முறைத் தேர்வு வேலைக்கு வேறு பள்ளிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் வைத்து, ஆய்வகம் அனுப்பிய பையை என்னிடம் கொடுத்தார். பெரிய கேன் ஒன்று, உப்பு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்க்க. சின்னக் கண்ணாடிப் பாட்டில் ஒன்று, கிருமி பார்க்க. "நல்லாக் கழுவிட்டுப் பிடி. பத்தரை பஸ்ஸுல நம்ம பள்ளிக்கூடத்து ஆபீஸ் அண்ணன்கிட்டக் குடுத்துவிட்டுரு" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

மாதிரி எடுக்கப்போகிறோம் என்று நேற்றே சங்கரபாண்டி மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன். தண்ணீர் விடாத நாளில் போய்க் குழாயைத் திறந்து என்ன பயன்? அவர் செயலரிடம் சொல்லியிருக்கிறார். இன்று விடிந்ததும் தொட்டியில் பிளீச்சிங் பவுடர். எத்தனை வாளியோ, தெருவெல்லாம் ஆஸ்பத்திரி வாசம். என்றைக்கும் போடாத பவுடர் இன்றைக்கு மட்டும்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் பவுடர் தொட்டியில்தானே. சாக்கடை எங்கள் வாசலில். கிருமி உள்ளே வந்த சூட்டோடு பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

குழாய் முகப்பைத் துடைத்தேன். இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். சின்னப் பாட்டிலின் மூடியைச் சுற்றிக் காகிதம் வைத்து நூலால் கட்டியிருந்தது. அவசரத்தில் அதைப் பிய்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கேனையும் பாட்டிலையும் மூன்று மூன்று முறை கழுவினேன். பாட்டிலின் அடியில் ஏதோ வெள்ளையாகப் படிந்திருந்தது. அது போகும்வரை குலுக்கிக் குலுக்கி ஊற்றினேன். என் கையால் ஒரு தூசிகூடப் போகக் கூடாது. பிறகு யாரும் ஒரு குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது.

பையோடு வந்த சீட்டை நிரப்பினேன். 'மாதிரி எடுத்தவர்: சு. முப்பிடாதி, ஒன்பதாம் வகுப்பு.' அழகாக எழுதினேன்.

பத்தரைப் பேருந்தில் போய்விட்டது. ஆய்வகம் சேர மதியம் இரண்டு மணி ஆகும்.

பிப்ரவரி 15, புதன்

இட்லிக்கு அரைத்தேன். அம்மாவுக்கு அறுநூறு பீடிக்கு இலை வெட்டினேன். கணக்குத் தேர்வில் 47/50. மூன்று மதிப்பெண் எங்கே போனது என்று கேட்டதற்குக் கணக்கு சார், "தண்ணில போயிருக்கும்" என்றார். வகுப்பே சிரித்தது.

பிப்ரவரி 20, திங்கள்

ரிப்போர்ட் வந்துவிட்டது. கிருமி: இல்லை. குடிக்க உகந்தது.

பொய். பொய். பொய்.

பிப்ரவரி 21, செவ்வாய்

செயலர் அதை ஐந்து நகல் எடுத்துத் தொட்டியில், ரேஷன் கடையில், எங்கள் தெரு மின்கம்பத்தில் எல்லாம் ஒட்டிவிட்டார். மின்கம்பத்தில் ஒட்டும்போது நான் நின்றேன்.

"என்ன பாப்பா, உன் பேரும் போட்டிருக்கே. சந்தோசமா?"

"சார், இது தப்பு ரிப்போர்ட்டு."

"தண்ணி எடுத்தது நீ. சோதிச்சது லேபு. இதுல தப்பு யாரு, நானா?"

லாரி நின்றுவிட்டது.

பிப்ரவரி 23, வியாழன்

சொர்ணம் அத்தை குழாயில் குடம் வைத்து, அங்கேயே ஒரு கை அள்ளிக் குடித்தாள். பாக்கியத்துக்கும் ஒரு சொம்பு.

"அத்தை, காய்ச்சிக் குடிங்க."

"ஏன் பிள்ள? நல்ல தண்ணின்னு எழுதி ஒட்டிருக்காம்லா. உம்பேரு போட்டிருக்குன்னு பாக்கியம் வாசிச்சா. நீ எடுத்தா தப்பாவா இருக்கும்? காச்சுதுக்கு கேசுக்கு எங்க போவ?"

"லேப்புல மாத்தி எழுதிட்டாங்க அத்தை."

"எளுதுனவனுக்கு அதுல என்ன கெடைக்கும்?"

தெருவில் நாற்பத்தொரு வீடு. இப்போது காய்ச்சிக் குடிப்பது எங்கள் வீடு மட்டும். அம்மாவும் முணுமுணுக்கிறாள்.

மார்ச் 3, வெள்ளி

பாக்கியம் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல். போய்ப் பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து, "முப்பிடாதி, உன் கிருமிக்கு எம் மேல ரொம்ப ஆசட்டி" என்றாள். நாக்கு வெள்ளையாக இருந்தது.

மின்கம்பத்துத் தாளைக் கிழித்துப் போட்டேன். மறுபடி ஒட்டிவிட்டார்கள்.

மார்ச் 6, திங்கள்

கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தோம். நான், அம்மா, தெருவில் ஆறு பேர். மனுவை நான்தான் எழுதினேன். இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். மூன்றாவது பத்தியை இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்:

'பள்ளிக் குப்பியில் கறுத்த அதே தண்ணீர், மாவட்ட ஆய்வகத்தில் சுத்தமானது எப்படி? ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட திருமதி வகிதா அவர்கள் ஊராட்சியிடம் பணம் பெற்றுக்கொண்டு பொய்யாக எழுதியிருக்கிறார் என்று தெருமக்கள் கருதுகிறோம். விசாரித்துக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.'

அந்த வகிதாவை நான் பார்த்ததில்லை. பார்த்தால் இதையே நேரில் கேட்பேன்.

மார்ச் 9, வியாழன்

பாக்கியத்துக்கு டைபாய்டு. ரத்தச் சோதனையில் உறுதி. ஊரில் உள்ள ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். காய்ச்சல் விடவில்லை. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். சொர்ணம் அத்தை திட்டிக்கொண்டே இருக்கிறாள், சுவரை, பூனையை, லேபை. "அந்தப் பொம்பள கையி வெளங்குமா?" என்கிறாள். நானும் சேர்ந்து திட்டினேன். நன்றாக இருந்தது.

மார்ச் 14, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. வீடு பெருக்கினேன். இலை வெட்டினேன். விளக்குமாறு தேய்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மார்ச் 15, புதன்

பாக்கியத்துக்கு வயிறு கல்லாகிவிட்டது என்று அலறல். ஆம்புலன்ஸ் வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஆபரேஷன்.

மார்ச் 17, வெள்ளி

உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை எழுதியது பொய். எழுத நிறைய இருந்தது.

அன்றைக்கு மூன்றாவது பீரியடில் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு மேடம், மடியில் கோப்பு. பக்கத்தில் ஜெபகனி டீச்சர்.

"நீதான் முப்பிடாதியா? நான் வகிதா. உன் மனுவப் படிச்சேன். ஒரு எழுத்துப் பிழை இல்ல."

நான் நிமிர்ந்து நின்றேன். பயப்படக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

"எனக்கு விசாரணை வச்சிருக்காங்க. அதுக்கு பதில் எழுதணும். தண்ணி எப்படிப் பிடிச்சேன்னு சொல்லு. ஒன்னையும் விடாம."

சொன்னேன். குழாய் முகப்பைத் துடைத்தது. இரண்டு நிமிடம் ஓடவிட்டது. பவுடர் வாசம் அடித்தது. அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

"பாட்டிலக் கழுவினியா?"

"மூணு தடவை மேடம். அடியில வெள்ளையா ஏதோ ஒட்டியிருந்துச்சு. அது சுத்தமாப் போற வரைக்கும் கழுவினேன்."

மேடம் பேனாவை மூடினார். பிறகு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சன்னலைப் பார்த்தார்.

அந்த வெள்ளை, அழுக்கு இல்லை. ஆய்வகத்திலேயே போட்டு அனுப்பும் மருந்து. தண்ணீரில் உள்ள குளோரினை அது அந்த நிமிடமே அடக்கிவிடும். கிருமி உயிரோடு ஆய்வகம் போய்ச் சேரும். மருந்து இல்லாவிட்டால் பேருந்தில் போகிற வழியெல்லாம் பிளீச்சிங் பவுடர் பாட்டிலுக்குள்ளேயே கிருமியைக் கொன்றுகொண்டு போகும். மூன்றரை மணி நேரம். அங்கே மூடியைத் திறக்கும்போது தண்ணீர் சுத்தம். பெரிய கேனைத்தான் கழுவ வேண்டும். சின்னதைக் கழுவவே கூடாது.

"மூடிமேல காகிதம் சுத்திக் கட்டியிருந்தேன். அதுல செவப்பு மையில எழுதியிருந்தேன். 'கழுவ வேண்டாம்'னு. தமிழ்லதான் எழுதியிருந்தேன். நீ படிக்கலையா?"

படிக்கவில்லை. வடைக் காகிதம் படிப்பவள், அச்சக முகவரி படிப்பவள், அதைப் பிய்த்து இடுப்பில் செருகியவள். அன்று மாலை அம்மா அதை வைத்து அடுப்பு பற்றவைத்தாள்.

மேடம் எழுந்தார். "இருபத்தோரு வருசத்துல எம் மேல எத்தனையோ சொல்லியிருக்காங்க. காசு வாங்கினேன்னு யாரும் எழுதினதில்ல" என்றார். சத்தமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மறுபடி எடுங்க மேடம்."

"நானா வந்து எடுக்க முடியாது. ஊராட்சி எழுத்துல கேக்கணும். இல்ல, கிராம சபையில தீர்மானம் போடணும். அவங்க கையில 'உகந்தது'ன்னு என் கையெழுத்தோட தாள் இருக்கு. எதுக்குக் கேப்பாங்க? அந்தத் தாள் செல்லாதுன்னு ஆகணும். அது செல்லாதுன்னு சொல்ல முடிஞ்ச ஆளு ஒன்னே ஒன்னுதான்."

யார் என்று அவர் சொல்லவில்லை.

மார்ச் 18, சனி

டீச்சர் வீட்டுக்குப் போனேன். "நீ ஒன்னும் சொல்லாண்டாம் பிள்ள" என்றார். "மே ஒன்னாந் தேதி கிராம சபையில வேற யாராவது மனு குடுத்து மறுபடி எடுத்துக்கிடட்டும். இப்பச் சொன்னா உனக்கும் பேரு கெடும். எனக்கும் மெமோ வரும். ஒரு பிள்ளைகிட்ட ஏன் குடுத்தேன்னு கேப்பாங்க."

"கழுவிட்டுப் பிடின்னு நீங்கதான் சொன்னீங்க டீச்சர்."

"கேனைச் சொன்னேன்."

"எனக்கு அது கேக்கல."

இரண்டு பேரும் காபியை ஆறவிட்டோம். மே மாதம் என்றால் இன்னும் எத்தனை சொம்பு தண்ணீர்? நாற்பது வீடு, ஒரு நாளைக்கு இரண்டு குடம். நான் கணக்கில் 47 எடுப்பவள், பெருக்கிப் பார்க்கவில்லை.

வகிதா மேடம் மீதான விசாரணை இருபத்தேழாம் தேதியாம்.

எனக்கு எல்லோர் மேலும் கோபம். டியூபைக் கட்டிவிட்டுப் போன மாமா மேல், பவுடர் கொட்டச் சொன்ன செயலர் மேல், பேருந்து ஜன்னலில் பேசிய டீச்சர் மேல். சிவப்பு மையில் இவ்வளவு முக்கியமானதை எரிகிற காகிதத்தில் எழுதிய மேடம் மேல்கூட. எல்லோர் மேலும் கோபப்பட்டு முடித்த பிறகும் இன்னும் மீதி இருக்கிறது. அது யார் மேல் என்று எழுத மாட்டேன்.

மார்ச் 20, திங்கள்

என் மேல்.

மார்ச் 21, செவ்வாய்

நாளைக் காலை கிராம சபை. தண்ணீர் தினத்துக்காக வருடா வருடம் நடப்பது. ஊர் கேட்பதற்கு முன்னால் சொர்ணம் அத்தை கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

அத்தை மாற்றுச் சேலை எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். பாக்கியத்தின் வயிற்றில் பதினாறு தையல். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம். நான் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு தூக்கில் கொண்டுபோயிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகட்டும் என்று.

எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், வெள்ளை மருந்து, காகிதம், மூன்று தடவை. அத்தை சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்ததை விரித்து மறுபடி மடித்தாள்.

"அப்ப அந்தப் பொம்பள ஒன்னும் மாத்தி எழுதல."

"இல்ல அத்தை."

"உன்ன நம்பித்தாம்ட்டி எம்பிள்ளைக்கு மோந்து குடுத்தேன். ஒரு சொம்பு. உங்கண்ணு முன்னாலதான குடுத்தேன்."

தூக்கை எடுத்து வாசலுக்குப் போய், தண்ணீரை மெதுவாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கொட்டினாள். காலித் தூக்கை என் கையில் கொடுத்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.

அடித்திருக்கலாம்.

மார்ச் 22, புதன்

ரேஷன் கடை எதிரே பந்தல். தலைவரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; பேசியதெல்லாம் அவர் வீட்டுக்காரர். செயலர் பரமகுரு சார் தீர்மானப் புத்தகத்தோடு. நீர் உயிர் என்று உறுதிமொழி எடுத்தோம். எல்லோர் கையிலும் ஒரு டம்ளர் சர்பத். எந்தத் தண்ணீரில் போட்டது என்று நான் கேட்கவில்லை. அவர்கள் மேசைமேல் மூடி வைத்த பாட்டில் தண்ணீர் இருந்தது.

சொர்ணம் அத்தை பெண்கள் பக்கம் கடைசியில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், முகம்கூடக் கழுவவில்லை.

"பொது விவாதம். ஏதாச்சும் குறை இருந்தாச் சொல்லலாம்" என்றார் செயலர், புத்தகத்தை மூடுவதற்குத் தயாராக.

எழுந்தேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. தெற்குத் தெருத் தண்ணீர் மாதிரியை எடுத்தவள் நான் என்று சொன்னேன். கிருமிப் பாட்டிலைக் கழுவக் கூடாது, நான் கழுவினேன் என்று சொன்னேன். அதனால் அந்த ரிப்போர்ட் செல்லாது. வகிதா மேடம் காசு வாங்கவில்லை. அதை எழுதியது நான், ஆதாரம் இல்லாமல் எழுதினேன். மறுபடி மாதிரி எடுக்கத் தீர்மானம் போட வேண்டும்.

பந்தல் இரைந்தது. எங்கள் தெருவிலிருந்தே ஒரு மாமா, "இத மொதல்லயே சொல்லத் தெரியாதாக்கும் உனக்கு? பிள்ளையளுக்கு ஊசி போட்டு ஊசி போட்டு..." என்று கத்தினார். அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

செயலர் மட்டும் சிரித்தார்.

"பாத்தீங்களா? நாங்க அன்னைக்கே சொன்னோம். தப்பு ஊராட்சி மேல இல்ல. பிள்ள தெரியாமச் செஞ்சது. பரவால்ல, பதிஞ்சிருவோம்." சொல்லிக்கொண்டே எழுதினார். 'மாணவியின் கவனக்குறைவால் மாதிரி தவறாக எடுக்கப்பட்டது. மறு மாதிரி எடுக்கப் பரிந்துரை.' சத்தமாக வாசித்தார். தலைவரம்மாவின் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். புத்தகம் மூடப்போனது.

அதற்குள் ஒரு கை புத்தகத்தின் நடுவில் விழுந்தது. சொர்ணம் அத்தை. கடைசியிலிருந்து எப்போது முன்னால் வந்தாள் என்று தெரியவில்லை. விரித்த கை, மூட முடியாதபடி.

"கைய எடும்மா."

"பிள்ள தப்ப எழுதிட்டிய. உங்க தப்ப எப்ப எழுதுவிய?"

"எங்க தப்பு என்ன இருக்கு?"

"சங்கரபாண்டி, நீ சொல்லு. பைப்பு எங்க கெடக்கு?"

மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"சாக்கடைக்குள்ளதான் கெடக்கு மதினி" என்றார். "நாலு வருசமா எழுதிக் குடுத்த நகலு எங்கிட்ட இருக்கு. அன்னைக்குப் பவுடரு போடச் சொன்னது செயலர்தான்."

செயலரின் சிரிப்பு போய்விட்டது. "அது நிதி வரல்ல... மேல எழுதியிருக்கு..."

"அந்தா, அப்படியே எழுதுங்க. நிதி வரல்லன்னு எழுதுங்க. நாலு வருசம்னு எழுதுங்க. எம்பிள்ள வயித்த அறுத்துப் போட்டிருக்கு, பதினாறு தையலு, அதையும் எழுதுங்க. எழுதுற வரைக்கும் நான் கைய எடுக்க மாட்டேன். எனக்கு ஒரு வேலையும் இல்ல."

தெற்குத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். மேலத் தெருவிலிருந்தும் இரண்டு பேர். தலைவரம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். வீட்டுக்காரரைப் பார்க்காமல், "எழுதுங்க சார்" என்றார்.

அவர் எழுதினார். அத்தையின் விரல்களுக்கு இடையே எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்ததும் அத்தை கையை எடுத்து, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது.

"முப்பிடாதி."

நேற்றிலிருந்து என்னிடம் பேசாதவள். இப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசிட்டி. ஒரு எழுத்து விடாம வாசி."

குனிந்தேன். நிதி, நான்கு வருடம், பதினாறு தையல் எல்லாம் இருந்தன. மூன்றாவது வரியில் நின்றேன். 'சாக்கடை அருகே செல்லும் குடிநீர்க் குழாயை மாற்றி அமைக்க' என்று எழுதியிருந்தார்.

"அருகே இல்ல சார்" என்றேன். "உள்ளே. அடிச்சு எழுதுங்க."